தினம் ஒரு படம்: ஒரே இடத்திலா, போகும் வழியிலா, ஊரெல்லாம் சுற்றியா?

கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் திருகோணமலை நகருக்கு வந்து படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "அண்ணா, நாளுக்கு ஒரு படம் எடுக்கிறதெண்டு தொடங்கிட்டன். ஆனா ஒரு கிழமையிலயே குழம்பிப் போனன். எதை எடுக்கிறது, எங்க நிண்டு எடுக்கிறது?"

இதே கேள்வியோடு இதற்கு முன்னும் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கமராவில்தான் தொடங்குவார்கள். எந்தப் போன் நல்லது, பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று வாங்கலாமா என்பார்கள். கையில் இருக்கும் போன் போதும் என்பதுதான் என் பதில். பெரிய கமராவுக்கு எங்கள் ஊரில் உப்புக்காற்றும் ஈரமும் எதிரி. அலுமாரிக்குள் ஒரு மாரி முழுக்கச் சும்மா கிடந்தால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வீட்டில் ஏற்கெனவே கமரா இருந்தால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துப் பாவியுங்கள். இல்லாதவர்கள் இதற்காகக் கடன்பட வேண்டாம்.

உண்மையில் யோசிக்க வேண்டியது ஆசிரியை கேட்ட கேள்வியைத்தான். ஒரே இடம், போகும் வழி, ஒரே பொருள், ஊர் சுற்றல் என்று நான் நான்கு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறேன்.

இதில் எனக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டு ஆல்பங்கள் போயின. அம்மாவின் கலியாணப் படம் பிறகு கிடைத்தது. மாமி வீட்டில் ஒரு பிரதி இருந்தது. என் பிறந்தநாள் படம்கூட யாரோ ஒருவரிடம் இருந்தது. ஆனால் எங்கள் படலை, முன்வீட்டுக் கிணற்றடி, சந்தியில் இருந்த தேத்தண்ணிக் கடையின் பலகைக் கதவு ஆகியவற்றின் படம் எவரிடமும் இல்லை. தொலைந்துபோகவில்லை, அவற்றை யாரும் எடுத்ததே இல்லை. 2004 கடல்கோளுக்குப் பிறகு கரையோரத்துச் சனம் இதே கதையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். விசேஷங்களின் படம் எப்படியாவது எங்காவது மிஞ்சும். சாதாரண செவ்வாய்க்கிழமையின் படத்தை நாமே எடுத்து வைத்தால்தான் உண்டு.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, சோர்ந்த நாளிலும் முடியுமா? காய்ச்சல், அடைமழை, விடைத்தாள் திருத்தும் இரவு எல்லாம் ஒரு வருடத்தில் வரத்தான் செய்யும். நல்ல நாளில் எந்த வழியும் நடக்கும். ஒரு வழி நிலைக்குமா என்பது கெட்ட நாளில்தான் தெரியும்.

இரண்டாவது, கண் பழகுகிறதா? முதல் மாதம் எல்லாமே படமாகத் தெரியும், இரண்டாம் மாதம் எதுவுமே தெரியாது. அந்த வறட்சியைத் தாண்டவைக்கும் வழி எது என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவது செலவு. பெற்றோல், பஸ் காசு மட்டுமில்லை. வீட்டில் உள்ளவர்களின் பொறுமையும் விடியற்காலை நித்திரையும் இதில் சேரும்.

நான்காவது, படத்துக்குள் வரும் மனிதர்கள். அவர்களுக்கு நாம் யார், தெரிந்த முகமா, கமராவோடு வந்த அந்நியனா?

கடைசியாக, வருட முடிவில் கையில் என்ன மிஞ்சும்?

## ஒரே இடம், ஒரே நேரம்

முதல் வருடம் நான் செய்தது இது. டச் பே கடற்கரையில் ஒரே இடத்தில் நின்று, காலை ஆறரைக்கு ஒரு படம். விளக்குக் கம்பம் ஒன்றைப் படத்தின் இடது ஓரத்தில் வைத்துக்கொள்வேன். கம்பம் ஓரத்தில் இருந்தால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் வந்துவிடும். விரலால் பெரிதாக்குவதில்லை, படுக்கைவாட்டில் மட்டும்.

மூன்றாம் கிழமை அலுத்துப்போனது. கடல், வானம், கம்பம். பிறகு ஐம்பது அறுபது படங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் அதன் அருமை புரிந்தது. சூரியன் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனியில் கோணேசர் மலைப் பக்கமாக வடக்கே தள்ளி உதிக்கிறது, மார்கழியில் தெற்கே தள்ளிப் போய்விடுகிறது. எங்கள் ஊரின் அகலாங்கில் இந்த இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய 47 பாகை வித்தியாசம். புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனால் அதே மணலில் அதே கம்பத்தை வைத்துப் பார்க்கும்போது, பிறந்த ஊரை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

காற்றும் அப்படித்தான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் இந்தக் குடா குளம்போல் கிடக்கும், வள்ளங்கள் நீரோரமாகவே நிற்கும். வாடைக்காற்று தொடங்கியதும் ஒவ்வொன்றாக மேலே ஏறி, மார்கழியில் தாழைப் புதரடிவரை வந்துவிடும். வள்ளம் எவ்வளவு மேலே நிற்கிறது என்று பார்த்தே எது எந்த மாதத்துப் படம் என்று என்னால் சொல்ல முடியும்.

நேற்றும் முந்தாநாளும் பார்த்த முகம் என்பதால் கரையில் இருப்பவர்கள் நம்மை மறந்துவிடுகிறார்கள் என்பது இன்னொரு நன்மை. வலை பொத்தும் பெரியவர் ஒருவர் இரண்டு மாதம் என்னைக் கவனிக்கவே இல்லை. ஒருநாள் அவராகவே, "கிட்ட வந்து எடு தம்பி, அங்க நிண்டா என்ன தெரியப்போகுது" என்றார். கிட்டப் போனேன். வலையின் ஒரு கண்ணைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். இடது கையின் இரண்டு விரல்கள் கண்ணின் அளவைப் பிடித்தன, வலது கையின் ஊசி உள்ளே போய்ச் சுற்றி முடிச்சிட்டு வெளியே வந்தது. பெருவிரலின் பக்கத்தில் நைலோன் நூல் அறுத்த காய்ப்பு, வெள்ளையாக, நகத்தைப்போல் கெட்டியாக இருந்தது. தூரத்திலிருந்து எடுத்த அறுபது படங்களிலும் அந்தக் கால் இருக்கிறது. நான்தான் அதைப் பார்க்கவில்லை.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், ஒருநாள் தவறினால் நெஞ்சுக்குள் உறுத்தும். ஊர்விட்டுப் போகவே மனம் வராது. அந்த வருடம் ஒரு சாவீட்டுக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்தபோதும் என் மனம் விளக்குக் கம்பத்தில் நின்றது. அது நல்லதல்ல. கடற்கரைக்கு ஐந்து நிமிட நடையில் வீடு இருந்தால் இந்த வழியை எடுங்கள். பாலையூற்றிலிருந்தோ சாம்பல்தீவிலிருந்தோ தினமும் விடியமுன் வந்து செய்ய நினைத்தால் ஒரு மாதத்தில் கைவிடுவீர்கள். அப்படித் தூரத்தில் இருப்பவர்களுக்கு வீட்டு வாசலில் நிற்கும் வேப்பமரமே போதும். கடல் ஏன் வேண்டும்?

## போகும் வழி

இப்போது நான் செய்வது இது. உப்புவெளியிலிருந்து நகருக்கு வேலைக்குச் சைக்கிளில் வருகிறேன், ஏறக்குறைய 5 கிலோமீற்றர். அந்த வழியில் எங்காவது ஒரு படம். இரண்டே விதிகள்: சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்ற வேண்டும்; படத்துக்காக வேறு தெருவுக்குள் திரும்பக் கூடாது.

செலவு கிட்டத்தட்ட இல்லை. எப்படியும் போகவேண்டிய வழி. மழை நாளில் மழைக்கோட்டு போட்டபடி, போனைப் பொலித்தீன் பைக்குள் வைத்து ஒரு படம் எடுத்துவிடலாம். காய்ச்சல் நாளில் வழி என்பது படுக்கையிலிருந்து குசினிவரை. அதையும் வழியாகக் கணக்கெடுப்பேன்.

கண் பழகுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. முதல் மாதம் அந்த வழியில் எல்லோரும் எடுப்பதைத்தான் நானும் எடுத்தேன்: போர்வீரர் கல்லறைத் தோட்டத்தின் புல்தரை, கோட்டைப் பக்கமிருந்து வந்து தெருவில் நிற்கும் புள்ளிமான்கள். மான் எங்களுக்கு மாடு மாதிரி, வெளியூர்க்காரருக்குத்தான் அதிசயம். ஆனால் தேத்தண்ணிக் கடை வாசலில் வாழைப்பழத் தோலுக்காகக் காத்து நிற்கும் மானை, கடைக்காரர் தடியைக் காட்டி "போ பிள்ளை" என்று விரட்டும் தொனி இருக்கிறதே, அது எங்களுக்கு மட்டும் உரியது. அதைப் படத்தில் எப்படிப் பிடிப்பது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் மாதம் ஒரு மதிலைக் கண்டுபிடித்தேன். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்கள் ஒட்டும் மதில். எங்கள் ஊர்களில் எல்லாச் சந்தியிலும் உண்டு. புதிதாக ஒட்டியபோது அந்தம்மாவின் சேலை நல்ல சிவப்பு, நெற்றியில் குங்குமம், பின்னணியில் மஞ்சள் பூ. மூன்றாம் கிழமை மஞ்சள் வெளிறியது. அடுத்து சிவப்பு. வெயிலுக்கு அச்சு மைகளில் மஞ்சளும் சிவப்புமே முதலில் தோற்கும், நீலம் கடைசிவரை நிற்கும். 31ஆம் நாள் நினைவஞ்சலி நோட்டீஸ் புதிதாகப் பக்கத்தில் ஒட்டப்பட்டபோது அதே அம்மா ஒரு பக்கம் சிவப்புச் சேலையிலும் மறுபக்கம் நீலமாகவும் இருந்தார். நீல முகத்தில் குங்குமம் இல்லை. நான் அந்த இடத்தில் சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். தினமும் ஒரே வழியால் போகாதவனுக்கு இந்தப் படம் கிடைக்காது. ஒரே இடத்தில் நிற்பவனுக்கும் கிடைக்காது.

குறைகளும் உண்டு. வேலைக்குப் பிந்துவீர்கள், பத்து நிமிடம் முந்தி வெளிக்கிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு நிறுத்துவது பாரமாக இருக்கும், வேகத்தில் எதுவும் கண்ணில் படாது. பஸ்ஸில் போகிறவர் யன்னல் ஆசனத்தை நம்பியிருக்க வேண்டும். அது தடைபோலத் தெரிந்தாலும் உண்மையில் உதவும். யன்னல் சட்டம் எல்லாப் படத்துக்கும் ஒரே விளிம்பைத் தந்துவிடும்.

## ஒரே பொருள்

படலை மட்டும், சைக்கிள் மட்டும், கோலம் மட்டும் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வது. நான் மூன்று மாதம் சைக்கிள் எடுத்தேன். பின்னால் மீன்பெட்டி கட்டிய சைக்கிள், முன்னால் பிள்ளைக்குக் கூடை வைத்த சைக்கிள், கோவில் மதிலில் சாத்திய, மணி இல்லாத சைக்கிள். வருட முடிவில் அழகான தொகுப்பு வரும். கண்காட்சி வைக்கவோ புத்தகமாக்கவோ நினைப்பவருக்கு இதுதான் சரி.

ஆனால் சைக்கிளைத் தேடும் கண்ணுக்கு சைக்கிள் மட்டுமே தெரியும். நவராத்திரிக் காலத்து இரவில் கும்பம் தூக்கிக்கொண்டு தெருவழியே வருகிறார்கள், நான் ஓரத்தில் நின்ற சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன். படலை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: முன்பின் தெரியாதவன் வீட்டு வாசலைப் படமெடுத்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அந்தப் பயத்துக்கு எங்கள் ஊரில் காரணம் இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டுவிட்டு எடுங்கள்.

இந்த வழி மிகச் சிறப்பாகப் பொருந்துவது வீட்டைவிட்டு அதிகம் வெளியே போக முடியாதவர்களுக்கு. கைக்குழந்தையோடு இருப்பவர், நோயாளியைப் பார்ப்பவர், வயதானவர். விடியற்காலை தனியாகக் கடற்கரையில் நிற்பது எல்லாப் பெண்களுக்கும் இலகுவுமில்லை. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, தன் குசினி யன்னல் வெளிச்சம் விழும் இடத்தில் இருக்கும் பொருளை மட்டும் தினமும் எடுக்கிறார். ஒருநாள் நீத்துப்பெட்டி, ஒருநாள் கவிழ்த்த சுளகு, ஒருநாள் பாதி துருவிய தேங்காய். நான் பார்த்த தினப்படத் தொகுப்புகளில் மனதைவிட்டுப் போகாதது அதுதான்.

## ஊர் சுற்றல்

எல்லோரும் ஆசைப்படுவது இதற்குத்தான், அதிகம் கைவிடப்படுவதும் இதுதான். திங்கள் கன்னியா, செவ்வாய் நிலாவெளி, புதன் தம்பலகாமம் என்று திட்டம் போட்டுத் தொடங்கினேன், 41 நாள் தாக்குப்பிடித்தேன். கன்னியா ஏறக்குறைய 8 கிலோமீற்றர், நிலாவெளி அதைப்போல் இரண்டு மடங்கு. பெற்றோல் ஒரு பக்கம் இருக்க, வேலை முடிந்து போய்ச் சேரும்போது வெளிச்சம் இருக்காது. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பெரிய இழப்பு வேறு. புதிய இடத்தில் கண் முதலில் தேடுவது ஏற்கெனவே பார்த்த படத்தைத்தான். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர மேலேறி நின்றேன், எல்லோரும் நிற்கும் அதே இடத்தில். அன்று எடுத்ததில் இப்போது வைத்திருப்பது ஒரே படம்: குளித்துவிட்டு யாரோ கிணற்றுக் கட்டின்மேல் போட்டுவிட்டுப் போன ஈரச் சாரமும் பக்கத்தில் ஒரு சிவப்பு வாளியும். சாரத்திலிருந்து சொட்டிய நீர் சீமெந்தில் ஒரு கோடாக ஓடியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை லீவில் வருபவருக்கும், வேலை மாற்றலாகி ஊருக்குப் புதிதாக வந்தவருக்கும் இதுவே நல்ல வழி. அவர்களுக்கு நேரம் குறைவு, எல்லாம் புதிது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | தினமும் போகும் நேரம் | எப்போது தளரும் | யாருக்கு |
|---|---|---|---|
| ஒரே இடம் | 5–10 நிமிடம், வீடு கிட்ட இருந்தால் | மூன்றாம் கிழமை. ஊர்விட்டுப் போகும் நாள் | பருவமாற்றத்தைப் பார்க்க விரும்புபவர் |
| போகும் வழி | 10 நிமிடம் | லீவு நாட்களில் | வேலைக்கோ பள்ளிக்கோ தினமும் போய்வருபவர் |
| ஒரே பொருள் | பொருளைப் பொறுத்தது | மற்றதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போகும்போது | வீட்டில் இருப்பவர், தொகுப்பு ஆக்க நினைப்பவர் |
| ஊர் சுற்றல் | ஒன்று முதல் மூன்று மணி நேரம் | இரண்டாம் மாதத்துக்குள் | லீவில் வருபவர், ஊருக்குப் புதியவர் |

## எந்த வழியை எடுத்தாலும்

மனிதரை எடுக்கும்போது முதலில் வாயைத் திறந்து கேளுங்கள். எங்கள் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினாலே தமிழரை அண்ணா, முஸ்லிமை நானா, சிங்களவரை அய்யே என்று மூன்று விதமாகக் கூப்பிட வேண்டிவரும். சரியான சொல்லால் கூப்பிட்டால் பாதி சம்மதம் கிடைத்த மாதிரி. வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு விலகுங்கள். பிள்ளைகளைத் தாய் தகப்பனைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம். ஸ்டூடியோவில் ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். வலை பொத்தும் பெரியவரின் வாடிக்குள் நான் கொடுத்த படம் இன்னும் தொங்குகிறது. கடற்படைத் தளம், முகாம் வாசல், காவலரண் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். உட்துறைமுகப் பக்கம் மாலைச் சூரியனை எடுக்கும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

சேமிப்பைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு படம் 4 மெகாபைற் என்று வைத்தால், நாளுக்கு ஒன்று மட்டும் வைப்பவருக்கு வருடத்துக்கு ஒன்றரை ஜிகாபைற்றுக்குள் முடியும். நாளுக்கு இருபது எடுத்து எதையும் அழிக்காதவருக்கு ஏறக்குறைய 29 ஜிகாபைற். அதைவிட, அந்த ஏழாயிரத்துச் சொச்சத்தை நீங்கள் ஒருபோதும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. அன்றிரவே ஒன்றைத் தெரிந்து மற்றதை அழியுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும், எடுத்த திகதியும் அதனோடு போகாது. அதனால் மூலப் படத்தைக் கணினியிலும் வைத்து, இன்னொரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது வெளிநாட்டில் தங்கையிடம் இருக்கிறது. 1990ஐ மறக்காதவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: இடம், யார், அன்று என்ன கேட்டது. பாண் ஓட்டோவின் பாட்டு, மீன்காரரின் ஹோர்ன், வாடைக்காற்றில் அடித்துக்கொண்ட தகரம். படத்தில் அது வராது.

ஆசிரியைக்கு நான் சொன்னது இரண்டாவது வழி. அவர் எப்படியும் தினமும் கிண்ணியாப் பாலத்தால் வருகிறார்; 2009இல் அது திறக்கப்படும்வரை அந்தக் களப்பைப் 'பாதை' என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தார்கள். "இடப்பக்க யன்னலைப் பிடியுங்கோ, பாலத்தில ஒரு படம், அவ்வளவுதான்" என்றேன். முதல் மூன்று நாள் கைபிடிச் சுவர் மட்டும் கலங்கலாக வந்ததாம். நேற்று ஒன்பதாம் நாள் படம் அனுப்பினார். யன்னல் கண்ணாடியில் மழைத் துளிகள், அதற்கப்பால் இடுப்பளவு நீரில் ஒருவர் வீச்சுவலையை எறிந்திருக்கிறார். வலை முழுதாக விரிந்து, இன்னும் நீரைத் தொடவில்லை. கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "இவர் முந்தின அஞ்சு நாளும் அதே இடத்தில்தான் நிண்டிருக்கிறார், அண்ணா. பழைய படங்களைத் திரும்பப் பார்த்தன்."